இரவல் வாங்கிய நான்கு குரல்கள்

1869 ஜூன் மாதம் தார்த்து நகரில் எஸ்டோனியர்கள் தங்கள் முதல் பாட்டுத் திருவிழாவைக் கூட்டினார்கள். மூன்று நாள் விழா. 800-க்கும் மேற்பட்ட பாடகர்களும் பித்தளைக் குழல் வாசிப்பவர்களும் ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். முதல் நாள் தேவாலயப் பாடல்கள், இரண்டாம் நாள் உலகியல் பாடல்கள், மூன்றாம் நாள் குழுக்களுக்கிடையே போட்டி. ஒரு மக்கள்கூட்டம் தன்னைத் தேசம் என்று உரக்கச் சொல்லிக்கொண்ட முதல் தருணம் அது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. சரிதான். ஆனால் அந்த விழாவின் நிகழ்ச்சி நிரலை நிதானமாகப் படித்தால் மனம் வேறோர் இடத்தில் போய் நின்றுவிடும். மெட்டுகளில் பெரும்பாலானவை ஜெர்மானியருடையவை; சொற்கள் மட்டுமே எஸ்டோனிய மொழி. எஸ்டோனியர் ஒருவர் இசையமைத்தவை இரண்டே பாடல்கள். இரண்டுக்கும் சொல் லிதியா கோய்டுலா என்ற கவிஞருடையது. இசை அலெக்சாண்டர் குனிலெய்ட் என்ற இளம் ஆசிரியருடையது. பின்னாளில் நாட்டுப்பண் ஆன பாடலும் அங்கே ஒலித்தது. அதன் மெட்டை 1848-ல் அமைத்தவர் ஹாம்பர்க்கில் பிறந்து ஹெல்சிங்கியில் வாழ்ந்த ஃபிரெட்ரிக் பசியுஸ். பின்லாந்தின் நாட்டுப்பண்ணுக்கும் அதே மெட்டுதான்.

எஸ்டோனியாவின் சேர்ந்திசையைப் பற்றி எழுதுகிறவர்கள் 1869-ஐத் தொட்டுவிட்டு நேரே 1988-க்குத் தாவிவிடுவார்கள். பாட்டுப் பாடியே சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு என்ற கதை அவ்வளவு வலிமையானது. அது பொய்யும் அல்ல. ஆனால் நான் அந்தக் கதையின் அடியில் கிடக்கும் இன்னொன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எஸ்டோனியர்களுக்குக் குரல் கொடுத்த நான்கு பாக இசை அவர்களுடையது அல்ல, ஆண்டவர்களிடமிருந்து வாங்கியது. அதை வாங்கும்போது, தங்களிடம் அதற்கு முன்பே இருந்த ஒரு பாட்டு முறையைக் கைநழுவ விட்டார்கள். அந்தப் பழைய பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் வேலை கடைசியில் அதே இரவல் இசையின் தோளிலேயே ஏறியது. சேர்ந்திசைக் குழு எதைப் பாடுகிறது, ஏன் அதைப் பாடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடு ரஷ்யப் பேரரசின் கீழ். நிலமும் நகரமும் தேவாலயமும் பால்டிக் ஜெர்மானியர் கையில். எஸ்டோனியர்கள் பெரும்பாலும் குடியானவர்கள். லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1819-ல்தான். அந்த ஒழிப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லித்தான் 1869 விழாவுக்கு அனுமதி வாங்கினார்கள். வாங்கியவர் பத்திரிகை ஆசிரியர் யோஹான் வோல்டெமார் யான்சென், கோய்டுலாவின் தந்தை. விழா என்ற வடிவமும் ஜெர்மானியருடையது. 1809-ல் பெர்லினில் செல்ட்டர் என்பவர் நண்பர்களைக் கூட்டி மேசையைச் சுற்றி அமர்ந்து பாட ஓர் ஆண்கள் குழுவைத் தொடங்கினார். அந்தப் பழக்கம் ஜெர்மன் பேசும் ஊர்களெங்கும் பரவி, பெரும் பாட்டு விழாக்களாக வளர்ந்தது. பால்டிக் ஜெர்மானியர்கள் 1857-ல் தாலினிலும் 1861-ல் ரீகாவிலும் அப்படி விழா எடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எஸ்டோனியர்கள் எட்டு ஆண்டுகளில் தங்களுடையதை எடுத்தார்கள். லாட்வியர்கள் 1873-ல் ரீகாவில் எடுத்தார்கள்.

நான்கு பாகம் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறு வயதில் எங்கள் ஊர் சர்ச் கொயரில் டெனர் பாடினேன். மெட்டு எப்போதும் சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்டோ அதற்குக் கீழே நெருங்கி நடக்கும். பேஸ் அடியில் தூண் நாட்டும். டெனருக்கு இவற்றுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடம். கையால் எழுதிய டோனிக் சோல்ஃபா சுரக்குறிப்புத் தாளைப் பார்த்து என் பாகத்தை வீட்டில் தனியாகப் பாடினால் அம்மா, “என்னடா இது, பாட்டு மாதிரியே இல்லையே” என்பாள். அவள் சொன்னது உண்மை. ஒரே சுரத்தில் ஏழெட்டு அசை நின்று, அரைச்சுரம் இறங்கி, மறுபடி அங்கேயே வந்து நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பாகமும் சேரும்போதுதான் அந்த நின்ற சுரம் எதற்காக நின்றது என்று விளங்கும். நம் கோஷ்டி கானத்தில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். யாராவது இரண்டு பேர் நின்றுவிட்டாலும் பாட்டு இருக்கும். நான்கு பாகத்தில் பேஸ் வராத வாரம் பாட்டே கிடையாது. இந்த ஒருவரையொருவர் நம்பியிருக்கும் நிலைதான் அந்த இசையின் கவர்ச்சி. நேற்றுவரை பண்ணையாரின் மணியோசைக்கு எழுந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட போதையாக இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

அந்தப் போதையை ஊர்களுக்குக் கொண்டுபோனவர்கள் பள்ளி ஆசிரியர்கள். லாட்வியரான யானிஸ் சிம்சே நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதலில் வல்மியேராவில் இருந்து 1849-ல் வல்கா நகருக்கு வந்தது. லாட்வியருக்கும் எஸ்டோனியருக்கும் பொதுவான அந்தப் பள்ளியில் ஆர்கன் வாசிப்பதும் நான்கு பாகத்தில் குழு நடத்துவதும் ஆசிரியத் தொழிலின் பகுதிகள். குனிலெய்ட் அங்கே படித்தவர். இப்படி வெளியே வந்த ஒவ்வோர் ஆசிரியரும் தம் ஊரில் ஒரு குழுவைத் தொடங்கினார். ஒரு தலைமுறைக்குள் நாடு முழுதும் நான்கு குரலில் பாடியது.

அதற்கு முன் அவர்கள் எப்படிப் பாடினார்கள்?

ரெகிலாவுல் என்பது அந்தப் பழைய பாட்டின் பெயர். பெரும்பாலும் பெண்களின் பாட்டு. வயலில், கல்யாணத்தில், ஆடு மாடு ஓட்டும்போது, ஊஞ்சலில். ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள். வரிக்கு எட்டு அசை. அவள் வரியை முடிக்கும் முன்பே, கடைசி ஒன்றிரண்டு அசைகளில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிறகு அந்த வரியை முழுதாகத் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் முடிக்கும் முன் அவள் அடுத்த வரிக்குள் நுழைந்துவிடுவாள். ஆக, பாட்டில் மூச்சு விடும் சந்துகூட இருக்காது. தனி ஆள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், பாட்டு வாங்காது. சொல்லைக் கட்டுவது மோனை. வரியின் கடைசியில் இயைபு தேடமாட்டார்கள். முதலெழுத்துகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு சொல்லால் சொல்லும்: முதல் வரியில் வாசல் என்றால் இரண்டாவதில் திண்ணை, மூன்றாவதில் முற்றம் என்பதுபோல. மெட்டோ மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே சுற்றும். ஒரே மெட்டில் நூறு வரி போகும். வெளியே நின்று கேட்பவருக்குச் சலிப்பூட்டும். ஆனால் அது வெளியே நின்று கேட்பதற்காக உண்டான பாட்டல்ல. உள்ளே நிற்பவருக்கு அந்தத் திரும்பத் திரும்ப வருதலே பாட்டின் பொருள்.

தென்கிழக்கு மூலையில் வாழும் செட்டோ மக்களிடம் இதன் உறவான லேலோ பாட்டு உண்டு. அவர்கள் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள்; லுத்தரன் ஊர்களில் அடித்த காற்று அங்கே அடிக்கவில்லை. முன்பாட்டுக்காரிக்குப் பிறகு கூட்டம் பாடும்போது ஒருத்தி மட்டும் எல்லார் தலைக்கும் மேலே கூர்மையான குரலில் தனிப் பாகம் எடுப்பாள். ஜெர்மானியர் கற்றுத் தராத பல்குரல் அது. 2009-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

லுத்தரன் ஊர்களில் ரெகிலாவுல் மங்கியதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. விவசாயம் மாறியது, பள்ளி வந்தது, நகரம் இழுத்தது. ஆனால் மிகக் கூர்மையான வெட்டு 1730-களில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊரிலிருந்து வந்த மொராவியச் சகோதரர்களிடமிருந்து வந்தது. அவர்கள் ஏழைகளோடு சமமாக அமர்ந்தார்கள், எழுத்தறிவு கொடுத்தார்கள், பாக இசையில் தேவாலயப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே, பழைய பாட்டு பாவத்தின் பாட்டு என்றும் சொன்னார்கள். மனம் திரும்பியவர்கள் கல்யாணப் பாட்டை விட்டார்கள். தொருபில் என்ற தோற்பைக் குழலை உடைத்தார்கள். பாட்டை இழந்தவர்கள் பாட்டில்லாமல் இருக்கவில்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது, அதுவும் அழகாக இருந்தது. அதனாலேயே இழப்பு யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த இடத்தில் தரங்கம்பாடி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1706-ல் அங்கே வந்த மிஷனரிகள் சீகன்பால்கும் ப்ளூட்சாவும் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். 1760-ல் அதே ஹெர்ன்ஹுட் சகோதரர்களும் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். எஸ்டோனியாவைத் தொட்ட அலைதான் நம் கரையையும் தொட்டது. இங்கேயும் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் அதே மெட்டில் தமிழுக்கு வந்தன. ஆனால் தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை எழுதினார்கள். அது சபைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. எங்கள் சர்ச்சில் ஒரே ஆராதனையில் பாமாலையை ஆர்கனோடு நான்கு பாகத்திலும், கீர்த்தனையைத் தாளம் போட்டு ஒரே குரலிலும் பாடினோம். அது எவ்வளவு அரிய வாய்ப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. எஸ்டோனியக் குடியானவளுக்கு அந்த இரண்டாவது பாதை திறக்கவில்லை. பழைய மெட்டில் புதிய பக்தியைப் பாட யாரும் அவளுக்கு இடம் தரவில்லை.

முற்றிலும் திறக்கவில்லை என்று சொல்வதும் தவறு. கிராமத்து ஆட்கள் சபைப் பாட்டான லுத்தரன் கோரலின் மெட்டுகளை வாங்கிக்கொண்டு, நேராக நிற்கும் சுரங்களை இழுத்து, நெளித்து, நடுவே சிறு சுரங்களைக் கொத்தித் தமதாக்கிக்கொண்டார்கள். இந்த மக்கள் கோரல்களை ஃபோனோகிராஃபுடன் ஊர் ஊராகச் சுற்றிப் பதிந்தவர் சிரிலஸ் கிரேக். 1889-ல் பிறந்தவர். நீத்தாருக்கான வழிபாட்டு இசையான ரெக்வியத்தை எஸ்டோனியரில் முதலில் எழுதியவரும் அவர்தான், 1927-ல். அவருக்குச் சற்று மூத்தவரான மார்ட் சார், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் பயின்று வந்து, ரெகிலாவுல் மெட்டுகளைக் குழுவுக்கு எழுதத் தொடங்கினார். இருவரும் நல்ல கலைஞர்கள். ஆனால் திருவிழா மேடையின் நடுவே நின்றது அவர்கள் இசை அல்ல. தாய்நாட்டைப் போற்றும் கம்பீரமான நான்கு பாகப் பாட்டுதான்.

அதற்கு மேடையே ஒரு காரணம். இதை இசை எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 1891-ல் பெண்களும் சேர்ந்த கலப்புக் குழுக்கள் விழாவுக்குள் வந்தன. பிறகு குழந்தைகள், சிறுவர்கள், பெண்கள் என்று தனித்தனிக் குழுக்கள். இன்று கூட்டுக் குழுவாக நிற்கும்போது 20,000 பேருக்கு மேல். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 13 லட்சம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். உங்களிடமிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் 0.2 நொடி பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும். விரைவான பாட்டில் அது ஓர் அசை. ஆகவே அங்கே காதை நம்பினால் கெட்டீர்கள். கண்ணை நம்ப வேண்டும். நடத்துநர் உயரமான மேடையில் நிற்பார், அவர் கை இறங்கும்போது நீங்கள் பாட வேண்டும், பக்கத்து வரிசை எப்படிப் பாடினாலும் சரி. இப்படிப்பட்ட குழுவுக்கு ஒரு குரல் தொடங்கி மற்றொன்று துரத்தும் ஃபியூக் எழுதினால் குழம்பிய சேறுதான் மிஞ்சும். நான்கு பாகமும் ஒரே சொல்லை ஒரே சமயத்தில் உச்சரிக்கும், நிதானமான, அகலமான பாட்டுதான் அங்கே வாழும். பெரும் குழு பெரும்பாலும் கீதங்களையே பாடுவதற்குத் தேசபக்தி பாதிக் காரணம் என்றால் ஒலியின் வேகம் மறுபாதி. பதினாறு பேர் உள்ள அறைக் குழுவின் உலகமோ வேறு. அங்கே கிசுகிசுப்பும் பாட்டு, மூச்சும் பாட்டு.

1947-ல், சோவியத் ஆட்சியில் நடந்த முதல் விழாவில், கோய்டுலாவின் 1869 பாடல் ஒன்று புதிய மெட்டில் ஒலித்தது. மெட்டு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-ல் போட்டது. பெரிய வித்தையொன்றும் இல்லாத மெட்டு. ஏறி ஏறி வந்து ஓரிடத்தில் நெஞ்சை அடைக்கும், அவ்வளவுதான். பழைய நாட்டுப்பண் தடைசெய்யப்பட்டிருந்தது. மக்கள் இதை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். 1947 விழாவை நடத்திய துதூர் வெட்டிக், ஆல்ஃபிரெட் கரிண்டி, ரிஹோ பேட்ஸ் மூவரும் 1950-ல் கைதானார்கள். அவ்வாண்டு விழாவில் ஸ்டாலின் புகழே நிறைந்தது. 1960-ல் தாலினில் அலார் கோட்லி வடிவமைத்த பெரிய வளைவு மேடை எழுந்தது. அவ்வாண்டு விழா நிரலில் எர்னெசாக்ஸின் பாட்டு இல்லை, கூட்டம் தானாகப் பாடியது. 1969-ல் நூற்றாண்டு விழா. நிகழ்ச்சி முடிந்த பிறகும் பாடகர்கள் இறங்க மறுத்து அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினார்கள், பித்தளை வாத்தியங்களை முழங்கவிட்டு அதை மூழ்கடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

1988 கோடையை எல்லோரும் அறிவார்கள். தாலினின் பாட்டுத் திடலில் இரவிரவாக மக்கள் கூடிப் பாடினார்கள். ஜூனில் ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க் அதற்குப் பாடும் புரட்சி என்று பெயர் சூட்டினார். செப்டம்பர் 11-ல் திடலில் திரண்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்பார்கள். 1991 ஆகஸ்ட் 20-ல் நாடு விடுதலையை மீட்டது. நான் கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் கோடையின் பாட்டுகள் ராக் பாட்டுகள். அலோ மாட்டிசென் அமைத்த ஐந்து தேசப் பாடல்கள். ஆனால் அவற்றுக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழுப் பாடல்களின் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. 1869-ல் குனிலெய்ட் இசையமைத்த இரண்டில் ஒன்றும் அவற்றில் உண்டு. கிடார் முழங்கும் மேடையில் பழைய நான்கு பாகப் பாட்டு எழும்பும்போது திடல் முழுதும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் அதைப் பள்ளியில் பாடியவர்கள். இரவல் வாங்கிய இசை நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளில் சொந்த இரத்தமாகிவிட்டிருந்தது. அதை இனி யாருடைய இசை என்று கேட்பதில் பொருளில்லை.

அப்படியானால் ரெகிலாவுல்?

அதற்கு நாம் யாகோப் ஹுர்ட் என்ற பாதிரியாரிடம் திரும்பிப் போக வேண்டும். 1869 விழாவில் மேடையேறி, தாய்மொழியையும் பண்பாட்டையும் காக்கவேண்டும் என்று பேசியவர் அவர். 1888-ல் அவர் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்க் கிழவிகளிடம் மிச்சமிருப்பதை எழுதி அனுப்புங்கள். ஏறத்தாழ 1,400 பேர் எழுதி அனுப்பினார்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், கைவினைஞர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தன. அனுப்பியவர்களில் எத்தனை பேர் மாலையில் பாடகர் குழுவில் நான்கு பாகம் பாடிவிட்டு வந்து, இரவில் பாட்டியின் பாட்டை எழுதியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பாட்டு தாளுக்கு வந்தது. வாய்க்குத் திரும்பவில்லை.

வாய்க்குத் திருப்பியவர் வெல்யோ டோர்மிஸ். 1930-ல் பிறந்தவர். தந்தை தேவாலய ஆர்கன் வாசிப்பவர், ஊர்க் குழுவை நடத்தியவர். ஆக டோர்மிஸ் அந்த இரவல் இசைக்குள்ளேயே வளர்ந்தார். தாலினில் ஆர்கன் படித்து, மாஸ்கோவில் ஷெபாலினிடம் இசையமைப்புப் பயின்றார். 1950-களின் இறுதியில் கிஹ்னு தீவில் ஒரு கல்யாணத்தைப் பார்த்தார். அங்கே பெண்கள் இன்னும் ரெகிலாவுல் பாடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, கல்யாணத்தை நடத்துவதற்காக. 1959-ல் கிஹ்னு கல்யாணப் பாட்டுகளைக் குழுவுக்கு எழுதினார். நாட்டார் பாட்டை நான் பயன்படுத்தவில்லை, அதுதான் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறது என்ற பொருளில் அவர் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். அவர் இசையைக் கேட்டால் அது அடக்கத்துக்காகச் சொன்னதில்லை என்று தெரியும்.

அவர் சந்தித்த சிக்கல் தொழில் சார்ந்தது. ரெகிலாவுல் மெட்டை எடுத்து ஜெர்மன் முறையில் நான்கு பாகமாக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வரி முடிவிலும் சுரக்கூட்டு ஒரு முற்றுப்புள்ளி வைக்கும். அந்தப் பாட்டின் உயிரே முற்றுப்புள்ளி இல்லாததுதான். முந்தைய தலைமுறையில் பலர் அங்கேதான் தடுக்கி விழுந்தார்கள்; மெட்டு இருந்தது, பாட்டு செத்துவிட்டது. டோர்மிஸ் மெட்டைத் தொடவில்லை. அதை வளர்க்கவோ அலங்கரிக்கவோ முயலவில்லை. அதைச் சுற்றி மட்டுமே கட்டினார். பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தம்புரா கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். அதன் மேல் ஒரு குரல் முன்பாட்டு, மற்றவை பின்பாட்டு. பத்தாவது வரியில் ஆல்டோ சேரும். இருபதாவதில் மெட்டு இரண்டு மூன்று சுரம் தடித்து, அடுக்கடுக்காக ஒன்றாக நகரும். எதுவும் மாறவில்லை, எல்லாம் கூடிக்கொண்டே போகிறது. அறுவடையிலோ கல்யாணத்திலோ நேரம் கடக்கக் கடக்கக் கூட்டத்துக்குச் சூடேறுவதை நான்கு பாகக் குழுவால் பாட முடியும் என்று காட்டியவர் அவர்தான்.

1966, 67-ல் அவர் எழுதிய ‘எஸ்டோனிய நாட்காட்டிப் பாடல்கள்’ ஐந்து தொகுதி. ஆண்டுச் சடங்குகளின் வரிசை. ஊஞ்சல் பாட்டுகள் பெண்கள் குழுவுக்கானவை. எஸ்டோனிய ஊஞ்சல் கயிற்றில் தொங்குவதல்ல. மரச் சட்டத்தில் பெரிய பலகை, ஊர்ப் பெண்கள் பலர் சேர்ந்து நின்று ஆடுவது. பலகை உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கி இறங்கும் அந்தத் தயக்கத்தில் பாட்டின் தாளம் பிறக்கிறது. அந்தப் பதிவைக் கேட்கும்போது என் வயிற்றில் ஒரு வெறுமை எழுந்து அடங்குகிறது. ஊஞ்சலில் வீசி ஆடிய எவரும் அதை அடையாளம் காண்பார்கள்.

1972-ல் வந்தது ‘இரும்பைச் சபித்தல்’. கலப்புக் குழு, இரண்டு தனிக்குரல், ஒரு மாந்திரீகனின் தோல்முரசு. ஃபின்னிய இனங்களிடம் ஒரு நம்பிக்கை: ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லிவிட்டால் அதன் தீமை கட்டுப்படும். கலேவலா காவியத்தில் இரும்பின் பிறப்பு இப்படி. மூன்று கன்னியர் தங்கள் பாலைச் சதுப்பில் சிந்தினார்கள், கரும்பால், வெண்பால், செம்பால், அது இரும்பாயிற்று. கொல்லன் அதைத் தோய்க்கும் நீருக்குத் தேன் கேட்டான். குளவி தேனுக்குப் பதிலாக நஞ்சைக் கொண்டுவந்து போட்டது. அன்று முதல் இரும்பு உடன்பிறந்தானையே வெட்டுகிறது. இந்தப் பழங்கதையோடு எஸ்டோனியக் கவிஞர்கள் தம் நூற்றாண்டின் ஆயுதங்களையும் சேர்த்துச் சொல் எழுதினார்கள். முரசு அடிக்கத் தொடங்கி நிற்பதேயில்லை. குழு சில சுரங்களுக்குள்ளேயே சுழல்கிறது, முணுமுணுக்கிறது, வழுக்கி ஏறுகிறது, கத்துகிறது. பத்து நிமிடம்தான். முதல் முறை கேட்டபோது இரவு மணி பதினொன்று. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். கூட்டமாகப் பாடுவது ஆறுதலுக்கு என்று அதுவரை நினைத்திருந்தவன் நான். கூட்டம் கூடி ஒன்றைக் கட்டிப்போடவும் பாடும் என்பது அன்று புரிந்தது. 20,000 பேர் நிற்கும் வளைவு மேடையில் இதற்கு இடமில்லை. இது கொஞ்சம் பேர் நெருங்கி நின்று, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பாடவேண்டியது.

டோர்மிஸ் எழுதிய குழுப் பாடல்கள் 500-க்கு மேல் இருக்கும். 2000-ல் என் வேலை முடிந்தது என்று எழுதுவதை நிறுத்திக்கொண்டார். 2017 ஜனவரியில் காலமானார். என் கருத்தில் அவருடைய தலையாய படைப்பு 1970 முதல் 1989 வரை, பத்தொன்பது ஆண்டுகள் எழுதிய ‘மறக்கப்பட்ட மக்கள்’. ஆறு தொகுதி: லிவோனியர், வோட்டியர், இஷோரியர், இங்கிரியர், வெப்சியர், கரேலியர். எஸ்டோனிய மொழிக்கு உறவான மொழிகளைப் பேசிய சிறு இனங்கள், பேசுவோர் அருகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தொகுதியும் அந்தந்த மொழியிலேயே பாடப்படுகிறது. தொனு கல்யுஸ்தே 1981-ல் தொடங்கிய எஸ்டோனிய ஃபில்ஹார்மோனிக் அறைக் குழு ஆறையும் முழுதாகப் பதிவு செய்திருக்கிறது.

முதல் தொகுதி லிவோனியருடையது. அதன் முதல் பாட்டு, வசந்தத்தின் தொடக்கத்தில் விடியலில் போய்ப் பறவைகளை எழுப்பும் சடங்கு. லிவோனிய மொழியைத் தாய்மொழியாகக் கற்று வளர்ந்தவர்களில் கடைசியானவர் 2013-ல் கனடாவில் இறந்துபோனார். அந்தப் பாட்டைப் பாடும் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. பாடுபவர்களுக்கு மொழி தெரியாது. பயிற்சியின் முதல் நாள் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நடத்துநர் ஓர் அசை சொல்ல, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நான்கும் சேர்ந்து திருப்பிச் சொல்கின்றன. முன்பாட்டு, பின்பாட்டு. உச்சரிப்பு பிடிபட ஒரு மாலை ஆகும். அதற்குப் பிறகுதான் சுருதி பிடித்து, மெல்ல, பறவைகளை எழுப்பத் தொடங்குகிறார்கள்.